சாப்பாட்டு மேசையில் லாப்டொப்

கேள்வி: லண்டன் நிறுவனமொன்றின் கணக்கு வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன். 2022இல் பெற்றோல் இல்லாத நேரம் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. காலை எட்டரைக்கே கொழும்பு முகாமையாளர் வட்ஸ்அப்பில் கூப்பிடுவார். இராச் சாப்பாட்டுக்கு லாப்டொப்பை மேசையில் ஒதுக்கி வைப்பேனே தவிர மூடுவதில்லை. நித்திரை வருவதில்லை, எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். "வீட்டிலதானே இருக்கிறாய், பிறகென்ன?" என்கிறார் கணவர். குறை என்னிடமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை, சகோதரி. குறை, மூடப்படாத அந்த லாப்டொப்பில் இருக்கிறது.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்கு, வீட்டிலிருந்து வேலை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். ஆனால் மிச்சமான அந்த நேரம் உங்கள் கைக்கு வந்ததா? லண்டனில் மாலை ஐந்துக்கு அவர்கள் எழும்பிப் போகும்போது இங்கே இரவு ஒன்பதரை. அங்கே குளிர்காலமென்றால் பத்தரை. இடையில் சமையலுக்கு எழும்பியதைக் கழித்தாலும் உங்கள் வாரம் 55 மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். அப்படி உழைப்பவருக்குப் பாரிசவாத ஆபத்து, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்பவரைவிட 35 சதவீதம் கூட என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் 2021இல் சொல்லிவிட்டன. நம் நாட்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமோ 1954இலேயே நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று கோடு கீறியது.

2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் இருந்தது. வந்த நேரத்தில், நடுச்சாமமானாலும், எழும்பி வேலை செய்தோம். அன்று வேறு வழியில்லை. கரண்ட் வந்துவிட்டது, பெற்றோல் வந்துவிட்டது. கண்ட நேரத்திலும் கூப்பிடும் பழக்கத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எழுத்தில் கேளுங்கள். லண்டன் நேரம்தான் வேண்டுமென்றால் காலையை உங்களுக்கு விடட்டும்.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்குக் கதவு திறப்பதும் பிள்ளைக்குச் சோறு தீத்துவதும், கூட்டத்துக்கு நடுவில் மைக்கை நிறுத்திவிட்டு மனைவி செய்கிற வேலைகள். ஐயா, இராச் சாப்பாட்டை இனி நீங்கள் பாருங்கள்.

அதன் பிறகும் நித்திரை வராவிட்டால் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் போங்கள், சகோதரி. மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.