பூட்டை மாற்றினால் புகார்தாரர் அவர், குற்றம் சாட்டப்பட்டவர் நீங்கள்

கேள்வி: வேளச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டில் தங்கியிருக்கிறோம். வாடகை 24,000 ரூபாய், ஆளுக்கு 8,000. ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருக்கிறது. என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஐந்து மாதமாகப் பங்கு தரவில்லை. நான்தான் சேர்த்துக் கட்டுகிறேன். வேலையில்லாமல் இருந்தபோது என் செலவில் சாப்பிட்டவன், இப்போது வேலை கிடைத்ததும் தவணையில் பைக் வாங்கியிருக்கிறான். அவன் அம்மாவிடம் முறையிட்டேன். அவர் என்னையே திட்டினார். அட்வான்ஸ் 72,000 ரூபாயில் 24,000 கொடுத்ததோடு சரி. அடுத்த முறை அவன் ஊருக்குப் போகும்போது பூட்டை மாற்றிவிட்டு, லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொள்ளலாமா? அல்லது என் பங்கை மட்டும் உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, மீதியை அவனிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா? மோசடிப் புகார் கொடுக்க முடியுமா? சில மாதங்களில் வேலைக்காக ஜெர்மனி செல்ல இருக்கிறேன்.

பதில்: பைக், சாப்பாடு, அவருடைய அம்மா ஆகிய மூன்றையும் எந்த நீதிமன்றமும் காதில் வாங்காது. ஒப்பந்தம் உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வழக்கு முழுவதும் அந்த வரியில்தான் நிற்கிறது. உரிமையாளருக்கு வாடகைதாரர் நீங்கள் ஒருவரே. 24,000 ரூபாயும் உங்கள் கடன். நண்பருக்கும் உரிமையாளருக்கும் சட்டப்படி எந்த உறவும் இல்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது யோசனையை இன்றே கைவிடுங்கள். உரிமையாளர் அவரிடம் போய்க் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. குறைத்துக் கொடுத்தால் பாக்கி உங்கள் பெயரில் ஏறும். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை பாக்கி வைப்பது வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். அப்போது வாடகை நீதிமன்றத்தில் நிற்கப்போவது நீங்கள். கழிக்கப்படுவது உங்கள் அட்வான்ஸ். ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதியதோடு சரி, பதிவு செய்யவில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்று யாராவது தைரியம் சொன்னால் அதை நம்பி வாடகையை நிறுத்தாதீர்கள்.

இனி பூட்டு. அடிக்கடி என்னிடம் வரும் கதை இது. ஆள் ஊருக்குப் போயிருப்பார், பூட்டு மாறியிருக்கும், துணிமணிகள் மூட்டையாக மாடிப்படிக்கு வந்திருக்கும். திரும்பி வந்தவர் நேராகக் காவல் நிலையம் செல்வார். புகாரில் வாடகை பாக்கி பற்றி ஒரு சொல்லும் இருக்காது. சூட்கேஸில் வைத்திருந்த ரொக்கமும் இரண்டு பவுன் சங்கிலியும் காணவில்லை என்று இருக்கும். சங்கிலி இருந்ததா இல்லையா என்பது பிறகு. அவர் இல்லாத நேரத்தில் அவருடைய பெட்டியில் கை வைத்தவர் யார் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. மூட்டை கட்டியதை நீங்களே வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியிருப்பீர்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் அனுப்பியிருக்கிறார்கள்.

லேப்டாப் விஷயத்தில் இன்னும் மோசம். பணம் வரும்வரை வைத்திருந்தேன், விற்கவில்லையே என்ற வாதம் எடுபடாது. பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தரும் நோக்கில் அடுத்தவர் பொருளை எடுத்தால் அது திருட்டு என்பதற்குச் சட்டப் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 303, பழைய தண்டனைச் சட்டத்தில் 378. கடன்பட்டவரை வழிக்குக் கொண்டுவர அவர் பொருளைத் தூக்கினாலும் திருட்டுதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1895-லேயே சொல்லிவிட்டது. அது அலுவலக லேப்டாப் என்றால் அவருடைய நிறுவனமும் சேர்ந்துகொள்ளும்.

ஜெர்மனி செல்ல இருப்பவருக்கு இது வெறும் தொந்தரவு அல்ல. முதல் தகவல் அறிக்கை பதிவானால், கடவுச்சீட்டுச் சரிபார்ப்பிலும் நிறுவனத்தின் பின்னணி விசாரணையிலும் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகும் செலவில் நண்பருடைய பாக்கியைப் பலமுறை அடைத்திருக்கலாம்.

மோசடிப் புகாரும் வேண்டாம். சொன்னபடி பணம் தராதது மட்டும் மோசடி ஆகிவிடாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். முதலில் ஒழுங்காகப் பங்கு கொடுத்துவிட்டு, வேலை போனபின் நிறுத்தியவர் மீது அதை நிரூபிக்க முடியாது. காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது தந்து, சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள்.

சிவில் வழக்குப் போடலாம்; நீங்கள் ஒவ்வொரு முறை அவருக்காகக் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. முந்தைய மாதங்களில் அவர் அனுப்பிய 8,000 ரூபாய், அவர் பங்கு எவ்வளவு என்பதற்குச் சாட்சி. 'அடுத்த மாதம்' என்ற குறுஞ்செய்தி பாக்கி உண்டு என்பதற்குச் சாட்சி. ஆனால் வழக்குக்கு முன் அனுப்பும் நோட்டீஸை நீங்களே எழுதாதீர்கள். கோபத்தில் 'என் வீட்டில் அறையை வாடகைக்குக் கொடுத்தேன்' என்று எழுதிவிடுவீர்கள். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்வாடகை விட்டதாக உங்கள் கையெழுத்திலேயே ஒப்புதல் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அதுவும் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம்.

வழக்குப் போடும் அளவுக்குத் தொகை இருக்கிறதா என்று பார்ப்போம். ஐந்து மாதப் பாக்கி 40,000. அவர் அட்வான்ஸாகக் கொடுத்த 24,000 உங்கள் கணக்கில்தான் நிற்கிறது. அவர் வெளியேறும்போது அதைத் திருப்பித் தரவேண்டியவர் நீங்கள். கழித்தால் மிச்சம் 16,000. நாற்பதாயிரத்துக்கு வழக்குப் போட்டால் அவர் வழக்கறிஞர் முதல் பத்தியிலேயே இதைச் சொல்வார்.

பதினாறாயிரத்துக்காக நீதிமன்றம் ஏறாதீர்கள். பேசி முடியுங்கள். மாதக் கடைசியில் அவர் காலி செய்ய வேண்டும், அட்வான்ஸ் பங்கு பாக்கியில் கழியும், மீதி 16,000 இரண்டு தவணையில் என்று முன்வையுங்கள். 10,000 தருகிறேன் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பகலில், மூன்றாவது அறை நண்பர் முன்னிலையில், தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். தவணைக்குத் தேதியும் தொகையும் நிரப்பிய காசோலை வாங்குவது நல்லது. அது வங்கியிலிருந்து பணமில்லாமல் திரும்பினால், வழக்குத் தொடரச் செலாவணி முறிச் சட்டத்தின் பிரிவு 138 இருக்கிறது. நான்கு பேரைக் கூட்டிவைத்து ராத்திரியில் வெற்றுக் காசோலை வாங்குவது வேறு. அது மிரட்டிப் பணம் பறித்த புகாராகத் திரும்பி வரும்.

அவர் இணங்காவிட்டால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கட்டணம் இல்லை. அங்கே சமரசமானால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்புக்கு நீதிமன்ற ஆணையின் மதிப்பு உண்டு, மேல்முறையீடும் கிடையாது.

அவர் கிளம்பும் நாளில் பொருள் பட்டியல் ஒன்று எழுதுங்கள்: நீல சூட்கேஸ் ஒன்று, மேசை விசிறி ஒன்று, மெத்தை ஒன்று, லேப்டாப் பை ஒன்று. 'அனைத்தும் பெற்றுக்கொண்டேன், சாவியை ஒப்படைத்தேன்' என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திடட்டும். காலி அறையைப் படம் எடுத்துக்கொண்டு, பூட்டை அன்று மாலை மாற்றுங்கள்.