குரூப் கொடுக்க மறுக்கிறார்கள்

கேள்வி: மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். பத்தாம் வகுப்பில் மார்க் குறைவு என்று பிளஸ் ஒன்னில் காமர்ஸ் மட்டும்தான் தருவோம் என்கிறது பள்ளி. நாங்கள் பத்து பெற்றோர் சேர்ந்து கேட்டும் பலனில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு தாய், தக்கலை

பதில்: விடாதீர்கள், சகோதரி. பி.எஸ்சி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம்; தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தாலும் சரிதான். காமர்ஸில் சேர்த்துவிட்டால் அந்தக் கதவு அப்போதே மூடிவிடும், பிறகு வருந்திப் பயனில்லை. பல பள்ளிகள் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பதற்காகவே பிள்ளைகளை இப்படி ஒதுக்குகின்றன, எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

வாய்ப்பேச்சு போதாது. எந்த குரூப் வேண்டும், ஏன் வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு மனு எழுதி, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இடம் இல்லையா, மார்க் போதவில்லையா என்பது அப்போதுதான் தெளிவாகும். அப்புறம் பத்து பேரும் கையெழுத்திட்டு நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுங்கள், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். கூடவே பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் குரூப்பில் இடம் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரித்துவிடுங்கள், சேர்க்கை முடிந்துவிட்டால் கஷ்டம்.