விடை சொல்லாத பன்னிரண்டாம் இதழ்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். டாம் கிங் எழுதி மிட்ச் ஜெராட்ஸ் வரைந்த ‘மிஸ்டர் மிரக்கிள்’ சித்திரக்கதைத் தொடரின் பிரெஞ்சுத் தொகுப்பை, தாங்கள் பாராட்டியதை நம்பி வாங்கினேன். முதல் இதழில், மிஸ்டர் மிரக்கிள் என்ற பெயரில் தப்பிக்கும் வித்தை காட்டும் நாயகன் ஸ்காட் ஃப்ரீ தற்கொலைக்கு முயல்கிறான். அவன் பிழைத்தானா, இறந்து வேறோர் உலகில் இருக்கிறானா, வில்லன் டார்க்சைடின் மாயையில் சிக்கியிருக்கிறானா என்பது பன்னிரண்டாம் இதழ் முடிந்தும் விளங்கவில்லை. ஆசிரியர் மழுப்பிவிட்டார் என்றே நினைக்கிறேன். தங்களுக்காவது விடை தெரியுமா? பதினான்கு வயதான என் அண்ணன் மகன் புத்தகத்தைக் கேட்கிறான், கொடுக்கலாமா?

— ரோஸ் ஹில் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. மொரிசியஸில் நம்மில் பலர் சித்திரக்கதைக்குள் நுழைந்தது பிரெஞ்சு ஆல்பங்களின் வழியாகத்தான். டின்டின் 62 பக்கங்களில் துப்புத் துலக்கிவிடுவான். ஆஸ்டெரிக்ஸ் எந்த நாட்டுக்குப் போய் வந்தாலும் கடைசியில் ஊர் கூடி விருந்துக்கு உட்கார்ந்துவிடும். இந்தத் தொடரோ 2017 ஆகஸ்டு முதல் 2018 நவம்பர் வரை தனித்தனி இதழ்களாக வந்தது. அப்போது படித்தவர்களுக்கு இதழுக்கு இதழ் ஊகிக்க அவகாசம் இருந்தது. தொகுப்பை ஒரே மூச்சில் முடிக்கிறவர் விடையைக் கடைசிப் பக்கத்தில் தேடுவது இயல்பே.

ஆனால் மழுப்பல் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. முடிவு இல்லாமல் போன கதை எப்படியிருக்கும் என்பதற்கு இதே பாத்திரத்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு. ஜாக் கிர்பி 1971இல் ஸ்காட்டைப் படைத்தபோது, அவன் பல தொடர்கள் சேர்ந்து சொல்லவிருந்த ஒரு பெரும்போரின் பகுதியாக இருந்தான். அவற்றில் இரண்டை, வெளியிட்டுவந்த டிசி நிறுவனம் 1972இலேயே நிறுத்திவிட, ஸ்காட்டின் தொடர் மட்டும் 1974 வரை தாக்குப்பிடித்து, அவனுக்கும் பார்டாவுக்கும் திருமணம் நடந்ததோடு நின்றது. போரின் முடிவைச் சொல்ல கிர்பிக்கு அப்போது இடமே கிடைக்கவில்லை. அது வெட்டுப்பட்ட கதை.

கிங்கின் தொடரில் புதிர் பக்கம் பக்கமாகக் கட்டப்படுகிறது. முதல் இதழில் ஸ்காட் தன் உதவியாளன் ஓபரானோடு பேசிக்கொண்டிருக்கிறான். ஓபரான் இறந்துவிட்டதைப் பார்டாதான் அவனுக்கு நினைவூட்டுகிறாள். ஒன்பது கட்டங்களாகப் பிரிந்த பக்கத்தில் திடீரென ஒரு கட்டம் முழுக்கக் கறுத்து, டார்க்சைட் இருக்கிறான் என்ற அறிவிப்பு மட்டும் நிற்கிறது. வேறு சில கட்டங்களில் அலைவரிசை சரியாகக் கிடைக்காத தொலைக்காட்சியைப் போல உருவங்கள் கலைகின்றன. இவற்றை மரணத்தின் அறிகுறியாகவும், மாயையின் பிசகாகவும், உயிர் பிழைத்தவனின் மனத்தளர்ச்சியாகவும் கொள்ளலாம். எதைக் கொண்டாலும் கதை உடையவில்லை. அசிரத்தையாக எழுதியிருந்தால் ஏதாவது ஒரு சான்று ஒரு பக்கமாகச் சாய்ந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

அதோடு, தொடர் தனக்கு முக்கியமான கேள்விக்கு விடை சொல்லியே முடிகிறது. குழந்தை ஸ்காட்டை அவன் தந்தை சமாதானத்துக்காக டார்க்சைடிடம் கொடுத்து, டார்க்சைடின் மகன் ஓரியனைப் பெற்றுக்கொண்டார். பின்னாளில் அதே டார்க்சைட், போரை நிறுத்துவதற்கு விலையாக ஸ்காட்டின் மகன் ஜேக்கப்பைக் கேட்கிறான். ஸ்காட் பிள்ளையைக் கொடுக்காமல் டார்க்சைடைக் கொல்கிறான். அதன்பின், அறிவைத் தேடி அலையும் மெட்ரான் என்ற தேவன் தோன்றி, மற்ற சூப்பர் ஹீரோக்கள் வாழும் வேறோர் உலகைக் காட்டுகிறான். எந்தப் பூட்டையும் திறந்து வெளியேறுவதைத் தொழிலாகக் கொண்டவன், அப்படி ஒரு வழி தெரிந்த பிறகும், பார்டாவும் ஜேக்கப்பும் இருக்கிற வீட்டிலேயே தங்கிவிடுகிறான். அந்த வீடு மெய்தான் என்று ஆசிரியர் உறுதி செய்திருந்தால் தங்கியதில் துணிவு எதுவும் இராது. பொய் என்று சொல்லியிருந்தால் ஸ்காட் வெறும் ஏமாளி ஆகியிருப்பான். அவனுக்குத் தெரியாத ஒன்றை நமக்கு மட்டும் சொல்லியிருந்தால், அவன் எடுத்த முடிவை மேலே நின்று மதிப்பிடுகிறவர்களாக நாம் மாறியிருப்போம்.

‘வாட்ச்மென்’ என்ற புகழ்பெற்ற சூப்பர் ஹீரோ சித்திரக்கதையின் முடிவையும் இதையும் சிலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். அங்கே நடந்தது அனைத்தும் நமக்குத் தெரியும், இனி நடக்கப்போவதுதான் தெரியாது. இங்கே நடந்ததே தெரியாது. இது அதைவிடத் துணிச்சலான காரியம்.

எனக்கும் ஒரு குறை உண்டு. இறுதி இதழில் இறந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து ஸ்காட்டிடம் பேசுவது நீண்டுகொண்டே போகிறது. இரண்டு பேர் வந்திருந்தால் போதும்.

என் ஊகத்தைக் கேட்டால், ஸ்காட் பிழைத்துவிட்டான் என்பேன். பிரசவ அறைக் காத்திருப்பையும், ஜேக்கப்பின் முதல் பிறந்தநாள் ஏற்பாட்டையும், லாஸ் ஏஞ்சல்ஸின் போக்குவரத்து நெரிசலையும் இவ்வளவு மெனக்கெட்டு ஒரு நரகத்துக்குள் யார் அமைப்பார்கள்? இதை ஆதாரமாக நான் முன்வைக்கவில்லை.

உங்கள் அண்ணன் மகனுக்கு இப்போதே தனியாகப் படிக்கக் கொடுக்க வேண்டாம். தற்கொலை முயற்சியை முதல் இதழ் மறைக்காமல் காட்டுகிறது. இன்னும் சில ஆண்டுகள் கழித்து, நீங்களும் உடனிருந்து படிப்பது நல்லது. அதுவரை கிர்பியின் 18 இதழ்களைத் தேடிக் கொடுங்கள். அங்கே ஸ்காட் எந்தப் பொறியில் சிக்கினாலும் வெளியே வந்துவிடுகிறான், எப்படி வந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறான்.

அன்புடன்.