பி.ஏ. முடித்தாயிற்று, அடுத்த மூன்று மாதத்தில் என்ன கற்கலாம்?

பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். டேட்டா அனலிட்டிக்ஸ் (தரவுப் பகுப்பாய்வு) மூன்று மாதப் பயிற்சிக்கு 48,000 ரூபாய் கேட்கிறார்கள். வேலை நூறு சதவீதம் உறுதியாம். இன்றே சேர்ந்தால் 5,000 ரூபாய் தள்ளுபடி என்கிறார்கள். சேரலாமா? (வாசகி, வியாசர்பாடி)

இன்று சேராதீர்கள். அந்தத் தள்ளுபடி அடுத்த வாரமும் இருக்கும்.

முதலில் வேலை விளம்பரங்களைப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த வேலைக்கு வந்த பத்து விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். புதிதாகச் சேருபவர்களிடம் பெரும்பாலும் கேட்பது எக்செல். அதிலும் பெரிய பட்டியலில் வேண்டிய தகவலைத் தேடி எடுக்கும் வி-லுக்அப், தகவலைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் இரண்டும் கை பழகியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.க்யூ.எல்., தகவலை வரைபடமாகக் காட்டும் பவர் பி.ஐ. எல்லாம். எக்செல்லை வீட்டிலிருந்தே இலவசமாகக் கற்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில், ஐ.ஐ.டி.கள் வழங்கும் என்.பி.டெல். பாடங்களுக்குக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் குறுகிய காலப் பயிற்சிகளை இலவசமாக நடத்துகிறது. அங்கும் விசாரித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் பணம் கட்டிச் சேரத்தான் வேண்டும் என்று தோன்றினால், போன பேட்சில் படித்த இரண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் சேர்ந்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம்பர் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். 'மாதத் தவணையில் கட்டலாம்' என்றால் அது கடனா என்று பாருங்கள். கடனாக இருந்தால் நீங்கள் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

எந்தக் காரணம் சொன்னாலும் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். டிகிரி முடித்த வருடம் நான் ஒரு பயிற்சி நிலையத்தில் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க ஐந்து மாதம் அலைந்தேன். நடுவில் வந்த ஒரு நேர்காணலுக்கு ஜெராக்ஸோடு போய் நின்றேன். அந்த வேலை கைவிட்டுப் போனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

பி.ஏ. தமிழ் படித்தவள். பி.எட். தவிர வேறு வழியே இல்லை என்கிறார்கள் வீட்டில். (வாசகி, ஆவடி)

இருக்கிறது. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று பார்த்தவுடன் சொல்பவர்கள் பதிப்பகங்களுக்குத் தேவை. அந்த அறிவோடு கணினியில் வேகமாகத் தட்டச்சு செய்யவும் தெரிந்தால் வாய்ப்பு கூடும்.

தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்தது அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. க-வை இரண்டு முறை அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும். 'அக்கா' என்று அடிக்க அ, க, க, ஆ என்று நான்கே தட்டு. 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ. ந-வுக்குப் பின் த வந்ததும் புள்ளி வந்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் விரல் பழகிவிடும். அப்புறம் இன்டிசைன் மென்பொருளில் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிழை மலிந்த நான்கு பக்கங்களை எடுத்துத் திருத்தி, அழகாகப் பக்கம் அமைத்து, அந்த பிரிண்ட் அவுட்டோடு பதிப்பகங்களுக்கு நேரில் போங்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் அங்கே வேலை குவியும். தொடக்கத்தில் பக்கக் கணக்கில்தான் பணம் வரும், அதிகமாகவும் இருக்காது. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

பொருளாதாரம் படித்தேன். டேலி போதுமா? (வாசகர், பெரம்பூர்)

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி மட்டும் போதாது. ஜி.எஸ்.டி. வரிக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி படிவங்களைத் தாக்கல் செய்யவும் சொல்லித்தருகிறார்களா என்று கேளுங்கள். நிஜமான பில் கட்டைக் கையில் கொடுத்து என்ட்ரி போடச் சொல்லும் இடமாகப் பாருங்கள். தெரிந்த ஆடிட்டர் அலுவலகம் இருந்தால், இரண்டு மாதம் அங்கே உட்கார்ந்து பழகுவது இன்னும் நல்லது.

பி.ஏ. ஆங்கிலம். மெடிக்கல் கோடிங் படிக்கலாமா? (வாசகர், தாம்பரம்)

நோயையும் சிகிச்சையையும் இன்சூரன்ஸ் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றுவதுதான் கோடிங். அதற்கு உயிரியல் சார்ந்த பட்டதாரிகளைத்தான் கம்பெனிகள் விரும்பி எடுக்கின்றன. உங்களுக்கு ஏ.ஆர். காலிங் பொருந்தும். அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களோடு பேசி, மருத்துவமனைக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்கும் வேலை. எந்த டிகிரியும் செல்லும். பல கம்பெனிகள் ஆளை எடுத்து, தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. இதற்கு வெளியே பணம் கட்டிப் படிக்காதீர்கள். இரவு ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துவருமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. மூன்று மாதம் சும்மா படிக்க வசதியில்லை. (வாசகர், எண்ணூர்)

அப்ரண்டிஸ் என்றால் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பி.ஏ. முடித்தவர்களுக்கும் உண்டு. தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தளத்தில் பதிவு செய்யுங்கள். தென் மண்டல அலுவலகம் தரமணியில்தான் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் உதவித்தொகை வரும். அதன் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. எந்த நிறுவனம், என்ன வேலை என்று பார்த்து விண்ணப்பியுங்கள்.

பதிவு செய்யும் முன் ஆதார், டிகிரி சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால், இந்த வாரமே ஆதார் மையத்துக்குப் போய்ச் சரிசெய்துவிடுங்கள்.