இன்சுலின் போட்டால் சிசேரியன்தானா?

கேள்வி: எனக்கு 28 வயது. முதல் கர்ப்பம், இப்போது 31-வது வாரம். 25-வது வாரத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதற்கு முன் இருந்ததில்லை. சோற்றைக் குறைத்து, நடந்தும் வருகிறேன். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 115, 118தான் வருகிறது. ஆனால் வெறும் வயிற்றில் 102-க்குக் கீழே இறங்கவில்லை. இரவில் 8 யூனிட் இன்சுலின் எழுதியிருக்கிறார் டாக்டர். "ஊசி ஆரம்பித்தால் விடவே முடியாது, பிரசவமும் ஆபரேஷன்தான்" என்கிறார் மாமியார். ராத்திரி சாப்பிடாமல் இருந்து பார்க்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ராத்திரி பட்டினி கிடக்காதீர்கள் அம்மா. சாப்பாட்டில் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். 115, 118 என்ற அளவே அதற்குச் சாட்சி. விடியற்காலைச் சர்க்கரை பெரும்பாலும் உங்கள் கல்லீரல் வெளிவிடுவது. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் உங்கள் இன்சுலினை மந்தப்படுத்துவதால் அது அடங்குவதில்லை. பட்டினி கிடந்தால், கொழுப்பு கரைவதால் உண்டாகும் கீட்டோன் உடலில் சேரும், அது குழந்தைக்கு நல்லதல்ல. வெறும் வயிற்றில் 95-க்குள் இருக்க வேண்டும். 102 சின்ன வித்தியாசம் போலத் தோன்றும், ஆனால் தினமும் பல மணி நேரம் குழந்தை அந்தச் சர்க்கரையில்தான் இருக்கிறது.

உங்கள் சர்க்கரை நஞ்சு வழியே குழந்தைக்குப் போகும். நீங்கள் போடும் இன்சுலின் போகாது. அதிகச் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். அதனால் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்ந்து, தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆபரேஷனுக்குக் கொண்டுபோவது இந்த எடைதான், ஊசி அல்ல. ஊசி போட்டுச் சுகப்பிரசவம் ஆனவர்கள் ஏராளம். கர்ப்பத்தில் வந்த சர்க்கரைக்குப் போடும் இன்சுலினை, நஞ்சு வெளியேறியதும் பெரும்பாலும் அன்றைக்கே நிறுத்திவிடுவோம்.

ஊசியில் ஒரு விஷயத்தை மிகக் கவனமாகப் பாருங்கள். பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். இன்சுலின் பேனா கார்ட்ரிட்ஜில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட். கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 8 என்று இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட்! பாட்டிலில் அச்சிட்ட எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். இரவு மருந்து பால்போலக் கலங்கியிருந்தால், குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிவிட்டு இழுங்கள். தொடையில் போடலாம்; வயிற்றின் பக்கவாட்டில் போட்டாலும் குழந்தைக்கு எட்டாது.

நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பழம் நறுக்கிய கையோடு சோதித்தால் அளவு தப்பாகக் கூடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே விரல் ஓரத்தில் குத்துங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடைசி வாரங்களில் சர்க்கரை தானாகவே மளமளவென்று இறங்கினாலோ, "குணமாகிவிட்டது" என்று இருந்துவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரசவத் திட்டத்தை 36-வது வாரத்துக்குள் பேசி முடியுங்கள். அளவு கட்டுக்குள் இருந்து, ஸ்கேனில் குழந்தையின் எடையும் சரியாக இருந்தால், 39 வாரம் முடிந்ததும் வலி வரவைக்கலாம். முந்தின இரவு ஊசி எவ்வளவு, மறுநாள் காலை என்ன சாப்பிடலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். தொப்புள்கொடியை வெட்டியதும் உங்களிடமிருந்து குழந்தைக்குப் போகும் சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் இன்சுலினோ உடனே குறையாது. அதனால் குழந்தைக்குச் சர்க்கரை தாழலாம். முதல் 1 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். பிறகு 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும். குதிகாலில் குத்திச் சோதிப்பார்கள், பயப்படாதீர்கள். சேனை வைக்க வேண்டாம் என்று மாமியாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பிள்ளை பெற்று 6 வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு பரிசோதனை இருக்கிறது. குழந்தைக்கு 6-வது வாரத் தடுப்பூசி போடப் போகும்போது உங்களுக்கும் அதைச் செய்துகொள்ளுங்கள்.