பழைய சாமான் கடையும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும்: காரைக்குடியிலிருந்து ஒரு கேள்வி பதில்

ஆட்டிசம் உள்ள மாணவர்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழைய சாமான் கடைகளுக்கு அழைத்துச் சென்று, வாங்கவும் வேலை செய்யவும் பழக்கும் சிறப்பாசிரியர் நான். பெற்றோரும் கடைக்காரர்களும் கேட்டவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய்: தீபாவளித் துணி எடுக்கப் போனால் என் ஒன்பது வயது மகன் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அவனைக் கடைக்கே அழைத்துப் போகாமல் இருந்துவிடலாமா டீச்சர்?

அப்படி விட்டுவிடாதீர்கள் அம்மா. அவன் அடம் பிடிக்கவில்லை. ஒலிபெருக்கி, குழல் விளக்கின் இரைச்சல், புதுத்துணி வாசனை, முதுகில் இடிக்கும் கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அவனைத் தாக்குகின்றன. நம் மூளை வேண்டாததை ஒதுக்கிவிடும். அவனுக்கு அது எளிதாக நடப்பதில்லை. பண்டிகைக் கூட்டத்தில் பழக்கத் தொடங்குவது நியாயமே இல்லை.

சிறிய கடையில், வார நாள் காலையில் தொடங்குங்கள். முந்தின நாளே கடையின் புகைப்படத்தைக் காட்டி, "நாளை இங்கே போகிறோம், ஒரு டப்பா வாங்குகிறோம், வீட்டுக்கு வருகிறோம்" என்று சொல்லிவையுங்கள். சொன்னபடியே நடக்க வேண்டும். வழியில் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. முதல் முறை இரண்டு நிமிடம் நின்றாலே போதும். அவன் தவிக்கத் தொடங்கும் முன்பே வெளியே வந்துவிடுங்கள். கடை நல்லபடியாக முடிந்தது என்ற நினைவு அவனுக்குத் தங்க வேண்டும்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: மெல்போர்னில் இருக்கும் என் மகள், அங்கே கடைகளில் 'அமைதி நேரம்' வைக்கிறார்கள் என்கிறாள். நம் ஊரில் நடக்குமா?

தாராளமாக நடக்கும் ஆச்சி. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் 2017இல் வாரம் ஒரு மணி நேரம் விளக்கை மங்கவைத்து, வானொலியை நிறுத்தி, கல்லாவில் எழும் 'பீப்' ஒலியைக் குறைக்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் தேசிய ஆட்டிசம் சங்கம் பல கடைகளைச் சேர்த்து 'ஆட்டிசம் நேரம்' நடத்தியது. மறு ஆண்டு மாரிசன்ஸ் கடைகள் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பத்து வரை அதை வழக்கமாக்கின.

நம் கடைக்காரர் நிறுத்த வேண்டியவை பாட்டும், பித்தளை மெருகேற்றும் வேலையும்தான். மெருகு மருந்தின் நெடி சில பிள்ளைகளுக்கு ஓசையைவிடக் கொடுமை. கடை திறந்த முதல் ஒரு மணி நேரம் போதும். ஆனால் நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் பயனில்லை.

கடைக்காரர் ஒருவர்: வரட்டும், மகிழ்ச்சிதான். கண்ணாடிச் சாமானை உடைத்துவிட்டால்?

கண்ணாடியையும் பீங்கானையும் மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். எனாமல், மரம், பித்தளை கீழே இருக்கட்டும். 'தொடாதே' என்று பலகை மாட்டுவதைவிட, 'இந்த அலமாரியில் எதையும் தொடலாம்' என்று காட்டிவிடுங்கள். அதன் பிறகும் உடைந்தால், மற்ற வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படியே.

பள்ளத்தூரிலிருந்து ஓர் அண்ணன்: என் தம்பிக்கு 24 வயது. பழைய பூட்டுகள் என்றால் உயிர். ஆனால் விலை கேட்டதும் குழம்பிப்போய் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறான்.

இந்தத் தெருவில் ஓசையைவிடப் பெரிய தடை பேரம்தான். கடைக்காரர் எண்ணூறு என்கிறார். மனத்தில் ஐந்நூறு வைத்திருக்கிறார். வாங்குபவர் முகத்தைச் சுளித்து, இரண்டடி நடந்து, திரும்பிப் பார்க்க வேண்டும். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு இதெல்லாம் புரியாத நாடகம். எண்ணூறு என்றால் அவருக்கு எண்ணூறுதான். சிலர் ஏமாந்து கொடுத்துவிடுகிறார்கள்; சிலர் உங்கள் தம்பியைப் போல ஓடிவிடுகிறார்கள்.

வழி எளிது: விலைச் சீட்டு. எல்லாச் சாமானுக்கும் வேண்டாம். ஒரே ஓர் அலமாரிக்கு ஒட்டி, அங்கே பேரம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். நான் கேட்டுக்கொண்ட கடைகளில் இதற்கு ஒப்புக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒட்டிய விலை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்தே கேளுங்கள்.

காரைக்குடி வியாபாரி: வேலைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள நினைக்கிறேன். என்ன வேலை கொடுக்கலாம்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் ஐயா. பெரிய வீடு ஒன்றைக் காலி செய்து வரும் சாமான் எப்படி வந்து இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும்: அடுக்குத் தூக்கு ஒரு மூட்டையில், அதன் மூடி வேறு மூட்டையில். என் மாணவர் ஒருவர் அந்தக் குவியலின் முன் உட்கார்ந்து, பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரெழுத்துகளைப் பார்த்து வீடு வாரியாகப் பிரித்தார். பிறகு எனாமல் மூடிகளை ஒவ்வொன்றாக விளிம்பில் விரல் ஓட்டிப் பார்த்து, சேரும் தூக்கில் வைத்தார். ஒரே பச்சை நிறமாக எனக்குத் தெரிந்த இரண்டு மூடிகளை அவர் வேறு வேறு என்று பிரித்துவைத்தார். வைத்துப் பார்த்தோம், அவர் பிரித்தது சரி.

எல்லாருக்கும் இந்தத் திறமை இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவருக்குத் துடைத்து அடுக்குவது பிடிக்கும், இன்னொருவருக்குக் கணக்கு எழுதுவது. வாடிக்கையாளரிடம் பேசுவதையே விரும்புகிறவரும் உண்டு. ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலையைச் சொல்லும்போது "அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். "இந்த இருபது தட்டையும் துடைத்து அலமாரியின் மூன்றாவது அடுக்கில் வையுங்கள்" என்று சொல்லுங்கள்.

அதே வியாபாரி: சம்பளம்?

மற்றவருக்குக் கொடுப்பதுதான். 'பழக்கிவிடுகிறோம்' என்று சொல்லிப் பாதிக் கூலி கொடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அமெரிக்காவில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற போதகர் 1902இல் பாஸ்டனில் தொடங்கிய குட்வில் நிறுவனம், வசதியான வீடுகளில் பழைய துணியும் சாமானும் சேகரித்து, ஏழைகளைக் கொண்டு பழுதுபார்த்து விற்றது. இன்று பழைய பொருள் விற்று, அந்த வருவாயில் வேலைப்பயிற்சி தரும் பெரிய அமைப்பு அது. அதன் கிளைகள் சிலவற்றிலேயே மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்ததாகக் கடும் கண்டனம் எழுந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே அதற்கு இடம் தருகிறது. பல மாநிலங்கள் இப்போது அதைத் தடுத்துவிட்டன. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய இடத்திலேயே இப்படி நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

புதுவயலிலிருந்து ஒருவர்: பழைய துணி வாங்கிக் கொடுக்கலாமா? வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

பலமுறை துவைத்த பருத்தி, கஞ்சி விறைப்பும் புதுச்சாய வாசனையும் போய் மெத்தென்று இருக்கும். புதுச்சட்டையைக் கிழித்தெறியும் பிள்ளை அதை நாள் முழுவதும் போட்டிருப்பான். கழுத்துப்பட்டைச் சீட்டை மட்டும் தையலோடு பிரித்துவிடுங்கள். வெட்டினால் மிச்சம் குத்தும். பெரியவர்களிடம் அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதில்லையா என்று கேளுங்கள்.

சிவகங்கையிலிருந்து ஒரு தந்தை: கடைக்காரர் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்கலாமா? எங்களுக்கு அது எதற்குப் பயன்படும்?

கடைக்குள் வர யாரும் சான்றிதழ் கேட்கக் கூடாது. மற்றபடி அவசியம் வாங்கிவையுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசமும் இடம்பெறுகிறது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தருகிறது. உங்கள் ஊரிலேயே உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இன்னொரு கடைக்காரர்: கடைக்குள் ஒரு பிள்ளை நிலைகுலைந்து கத்தினால் நான் என்ன செய்வது?

பாட்டை நிறுத்துங்கள். வேடிக்கை பார்ப்பவர்களை நகர்த்துங்கள். தொடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், மிட்டாயை நீட்டாதீர்கள். தாயிடம் "உள்ளே உட்கார இடம் இருக்கிறது" என்று ஒரே ஒரு முறை மெதுவாகச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். அடங்கக் கால் மணி நேரமும் ஆகலாம், கூடுதலாகவும் ஆகலாம். அதன் பிறகு அந்தப் பிள்ளை எடுத்த பொருளையே வாங்க விரும்பினால், பில் போட்டுக் கொடுங்கள்.