வேதியியல் படித்த மகள் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் ஆகலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டாள். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறதா? வெளிநாட்டில் படித்தால்தான் மதிப்பு என்கிறார் உறவினர் ஒருவர். அதைவிட முக்கியம், இதை நம்பிப் பிழைக்க முடியுமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தனிப் பட்டம் எதுவும் கிடையாது, அய்யா. சொத்து வழக்கு நடத்துகிறவருக்கும் ஆற்று மாசு வழக்கு நடத்துகிறவருக்கும் வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் ஒரே பதிவுதான். மகள் பட்டம் முடித்துவிட்டதால் மூன்றாண்டு எல்.எல்.பி. போதும். அரசு சட்டக் கல்லூரிகளுக்கான சேர்க்கையைத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. நுழைவுத் தேர்வு இல்லை, பட்டப்படிப்பு மதிப்பெண்தான் கணக்கு. உங்களுக்குப் பக்கத்தில் கோவையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அஞ்சல் வழியில் எல்.எல்.பி. வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

சட்டப் படிப்பில் சுற்றுச்சூழல் சட்டம் கட்டாயப் பாடம். ஆனால் ஒரே ஒரு பாடம். வழக்கறிஞராகத் தொழில் நடத்த எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் 100 கேள்விகளில் இந்தத் துறைக்கு ஒதுக்கியிருப்பது 2. ஆகவே கல்லூரி மட்டும் உங்கள் மகளைச் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் ஆக்கிவிடாது. அவளிடம் ஏற்கெனவே இருக்கும் வேதியியலும், இனிமேல் ஒரு நல்ல சீனியரிடம் கற்கப்போகும் நடைமுறைச் சட்டமும் சேர்ந்துதான் ஆக்கும்.

வேதியியல் எதற்கு என்று கேட்பீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதிபதியோடு நிபுணர் உறுப்பினர் ஒருவரும் அமர்ந்து விசாரிக்கிறார். அறிவியல் உயர்படிப்போடு நீண்ட அனுபவமும் உள்ளவர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். கழிவுநீர் ஆய்வறிக்கையைக் காட்டி "மாசு அதிகம்" என்று பொதுவாகச் சொன்னால் அவர் முன்னால் எடுபடாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறதா, மாதிரியைச் சுத்திகரிப்புக்கு முன்னால் எடுத்தார்களா பின்னால் எடுத்தார்களா என்றெல்லாம் கேள்வி வரும். பி.எஸ்சி. படித்தவளுக்கு இது பழகிய பாஷை. கலைப் பட்டம் படித்துவிட்டு வருகிறவர்கள் இதைப் பிடிக்கவே சில வருடங்கள் ஆகும்.

ஆனால் அந்த எண்கள் மட்டும் வழக்கை ஜெயித்துத் தராது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 21ஆம் பிரிவை அவள் இன்றைக்கே எடுத்துப் படிக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி கழிவுநீர் எடுக்கும்போது, அதை ஆய்வுக்கு அனுப்பப்போவதாக அங்கேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆலைக்காரர் முன்னிலையில் மாதிரியை இரண்டு பாகமாகப் பிரித்து, இரண்டுக்கும் முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஆலைக்காரர் வராமல் நழுவினாலோ கையெழுத்துப் போட மறுத்தாலோ என்ன செய்வது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இந்த முறைப்படி நடக்கவில்லை என்றால், ஆய்வு முடிவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது சாட்சியமாக ஏற்கப்படாது. வேதியியல் படித்தவர் கண் முதலில் எண்ணுக்குப் போகும். வழக்கறிஞர் கண் முதலில் முத்திரைக்குப் போக வேண்டும்.

அதனால்தான், பதிவு செய்த கையோடு பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ஓட வேண்டாம் என்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் சிவில் வழக்கும், அரசின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவும் நடத்தும் சீனியரிடம் ஜூனியராக இருக்கட்டும். பிரமாணப் பத்திரம் எழுதுவது, எதிர்த்தரப்பின் கவுன்ட்டரை, அதாவது பதில் மனுவை, பிரித்துப் படிப்பது, எந்த வழக்கை எங்கே போடுவது என்பதெல்லாம் அங்கேதான் கைக்கு வரும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கையே பாருங்கள். ஆலையைத் திறக்கச் சொல்லி 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, தீர்ப்பாயத்துக்கு அதை விசாரிக்கும் அதிகார வரம்பே இல்லை என்ற காரணத்தால். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் புதிதாகத் தொடங்கி, 2020 ஆகஸ்டில் மூடல் உத்தரவு உறுதியானது. கால வரம்பும் அப்படித்தான். தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அதற்குமேல் இல்லை.

வெளிநாட்டுப் படிப்பு பற்றி. அது கட்டாயமில்லை. நாட்டின் பெயர்பெற்ற சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா ஜம்முவில் சட்டம் படித்தவர். அங்கே தொழில் தொடங்கி 1983இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். தாஜ்மகால், கங்கை, டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்குகள் எல்லாம் அவர் தொடுத்தவை. நம் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்ட வழக்கிலும் வாதாடியவர் அவர்தான். 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்ற கோட்பாடு இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்னது அந்த வழக்கில்தான். திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் கணக்கெடுத்து, 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்று ஒரு தொண்டு நிறுவனம் தந்த விவரம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கிணறு கிணறாகப் போய் எண்ணியவர்களின் உழைப்பு இல்லாமல் அந்தத் தீர்ப்பு இல்லை. உங்கள் மகள் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பும் அதுவே என்பேன்.

மேற்படிப்பு வேண்டுமென்றால் நம் சட்டப் பல்கலைக்கழகத்திலேயே சுற்றுச்சூழல் சட்டத்தில் எல்.எல்.எம். இருக்கிறது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலைப் பட்டயம் நடத்துகிறது. நாலைந்து வருடம் கோர்ட்டில் நின்ற பிறகு படித்தால்தான் அதன் பலன் புரியும்.

சரி, பிழைப்பு. அதே வேலூர் தீர்ப்பில், ஐந்து வருட உழைப்புக்கு மேத்தாவுக்கு வழக்குச் செலவும் கட்டணமுமாக 50,000 ரூபாய் தரும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டார்கள். கிராம மக்களுக்காக நடத்தும் வழக்குகளில் பெரிய வரும்படி வராது, இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா சீனியரும் கொடுப்பார்கள் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம். முதல் மூன்று வருடம் வீட்டிலிருந்து கைகொடுக்க உங்களால் முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு சிவில் வழக்குகள் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும். வாரிய அனுமதி, திட்ட ஒப்புதல் விஷயத்தில் தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லியும் சம்பாதிக்கலாம், அதில் தவறில்லை. முன்கூட்டியே சட்டப்படி நடக்க வைப்பதும் ஆற்றைக் காப்பாற்றுகிற வேலைதான். ஆனால் எந்தப் பக்கம் எப்போது நிற்பாள் என்பதை அவள் சீக்கிரமே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வழக்கறிஞர் பதிவுக் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். சட்டம் சொல்வது 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. அதற்குமேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரி விண்ணப்பம் திறப்பதற்குள் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துவையுங்கள். நடுவில் ஒரு நாள் சென்னைக்கு வந்தால், சேப்பாக்கத்தில் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு நடக்கும்போது அவளைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். பொதுமக்கள் விசாரணையைப் பார்க்கலாம்.